கட்டி என்றால் புற்றுநோய்தானா?



மருத்துவமனை வார்டுகளில் நாள்தோறும் வியாதியஸ்தர்களைச் சந்தித்து வரும் எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று உண்டு. மருத்துவரிடம் கேட்கத் தைரியம் இல்லாதவர்கள், அவர் அடுத்த கட்டிலுக்குப் போனபின் எங்களைத் தாழ்ந்த குரலில் அழைத்து, "ஐயா, இது சாதாரணக் கட்டிதானே? அந்தக் கட்டி இல்லையே?" என்று கேட்பார்கள். புற்றுநோய் என்ற சொல்லை வாயால் சொல்லவும் அவர்களுக்கு அச்சம்.

இதற்குப் பதில் சொல்லவேண்டியவர் மருத்துவரே, நாங்கள் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்வியைப்பற்றி உங்களோடு பேசாமல் இருக்க எங்களால் முடியவில்லை. ஏனெனில் இதன் பின்னால் இரண்டு விதமான துன்பங்களை நாங்கள் காண்கிறோம். ஒரு தீங்கும் செய்யாத கொழுப்புக் கட்டியைப் புற்றுநோய் என்று எண்ணி, உணவும் உறக்கமும் இன்றி மாதக்கணக்கில் வாடுகிறவர்கள் உண்டு. வேறு சிலரோ, "வலிக்கவில்லையே, இது சாதாரணக் கட்டிதான்" என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மார்பில் உள்ள கட்டியை ஓராண்டு, ஈராண்டு மறைத்து வைத்து, அது புண்ணாக உடைந்தபின் வருகிறார்கள். முதல் வகையினர் தேவையின்றி அழுகிறார்கள். இரண்டாம் வகையினருக்காக நாங்கள் அழுகிறோம்.

இரு துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே: கட்டி என்றால் என்ன, அதில் எத்தனை வகை என்பது நம் மக்களுக்குத் தெரியாதிருப்பது. எங்கள் மருத்துவர்களிடம் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை எளிய முறையில் இங்கே தருகிறோம்.

ஒரே சொல், பல பொருள்

நம் தமிழில் உடலில் புடைத்து எழும் எதையும் கட்டி என்றே சொல்லிவிடுகிறோம். கோடையில் பிள்ளைகளுக்கு வரும் வேனல் கட்டியும் கட்டிதான். காலில் முள் குத்திப் பழுத்தால் அது சீழ்க்கட்டி. தோலுக்கு அடியிலோ சூலகத்திலோ நீர் போன்ற பொருள் ஒரு பையில் தேங்கினால் அது நீர்க்கட்டி. காலில் புண் இருக்கும்போது தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது; அது கிருமிகளை எதிர்க்கிற நிணநீர்க் கணுக்களின் வீக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றில் திசு தானாகப் புதிதாய் வளர்வது இல்லை. சீழ் வடிந்தால், கிருமி அழிந்தால், வீக்கம் வற்றிவிடும்.

வேறு சில புடைப்புகளில் திசு உண்மையிலேயே வளர்கிறது. ஆனாலும் அவற்றை மருத்துவர்கள் கழலைக் கட்டி என்று எண்ணுவதில்லை. காது குத்திய இடத்தில் சிலருக்குத் தழும்பு தடித்து, உருண்டையாக வளர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காயத்தை ஆற்றும் வேலையில் சரீரம் அளவு மீறிச் செய்த வேலை. வயது சென்ற ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி பெரிதாகிச் சிறுநீர் தடைப்படுவதும் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. வயதோடு வரும் வளர்ச்சியே.

வளர்ச்சிக்கும் ஓர் எல்லை

நம் சரீரம் கணக்கிலடங்காத உயிரணுக்களால் ஆனது. அவை தேய்ந்து அழிவதும், புதியவை பிறப்பதும் ஓயாமல் நடக்கின்றன. குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. தோலின் மேற்பகுதி ஏறத்தாழ ஒரு மாதத்தில் மாறுகிறது. இரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்ந்து மறைகிறது. எத்தனை அழிகின்றனவோ அத்தனையே பிறக்கவேண்டும் என்ற ஒழுங்கு இதில் இருக்கிறது. விரலில் கத்தி பட்டால் அந்த இடத்து உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன. காயம் மூடியதும் நிறுத்திக்கொள்கின்றன. "வளர்" என்ற கட்டளையும் "போதும், நில்" என்ற கட்டளையும் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கின்றன.

சில வேளைகளில் ஒரு தூண்டுதல் ஓயாமல் இருப்பதால் வளர்ச்சி மிகுந்துவிடுகிறது. இதற்கு நல்ல உதாரணம் முன்கழுத்துக் கழலை. உணவில் அயோடின் குறைந்தால், தைராய்டு சுரப்பி தன் வேலையைச் செய்ய முடியாமல், மேலும் மேலும் பெருத்துக் கழுத்தில் தொங்கும். இமாசலப் பிரதேசத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில் இது ஊர் ஊராகக் காணப்பட்டது. 1956 முதல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்த உப்பை உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் இந்திய அரசு கழலைத் தடுப்புக்கென ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கியது. இன்று நாம் கடையில் வாங்கும் அயோடின் உப்புக்குப் பின்னால் அந்த மலைநாட்டு மக்களின் கழுத்துகள் இருக்கின்றன.

இதிலிருந்து கற்கவேண்டியது இதுவே. தூண்டுதலை நீக்கினால் இத்தகைய வளர்ச்சி நிற்கும். பல வேளைகளில் சுருங்கவும் செய்யும். உண்மையான கழலைக் கட்டி அப்படிப்பட்டதல்ல. ஓர் உயிரணுவுக்குள் எழுதப்பட்ட கட்டளையே பழுதாகிப்போகிறது. தூண்டுவார் இல்லாமலே அது பெருகுகிறது. அதன் சந்ததியும் அப்படியே பெருகுகிறது. பெண்களின் கர்ப்பப்பையில் வரும் தசைக் கட்டிகளில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் ஒரே மரபணுவில் பழுது இருப்பதை 2011-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே கட்டி வருவது சாபத்தினாலோ, யாரோ கண் வைத்ததினாலோ அல்ல.

இரண்டு வகைக் கட்டிகள்

இப்படித் தானாகப் பெருகும் கட்டிகளை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று தீங்கற்ற கட்டி. மற்றொன்று புற்றுநோய்க் கட்டி. இரண்டும் வளர்கின்றன. வளரும் விதத்தில்தான் வேறுபாடு.

முதலாவது, எல்லை. தீங்கற்ற கட்டி தான் பிறந்த இடத்திலேயே பெரிதாகிறது. பக்கத்துத் திசுவை அது தள்ளும், அதற்குள் நுழையாது. பெரும்பாலும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கும். பழுத்த புளியம்பழத்தின் ஓட்டை உடைத்துப் பழத்தை எடுப்பதுபோல, அறுவை மருத்துவர் அதைத் தனியாக எடுத்துவிடலாம். புற்றுநோய்க் கட்டியோ பக்கத்துத் திசுவுக்குள் வேர் விடுகிறது. பழைய கோபுரச் சுவரில் முளைத்த அரசங்கன்றை நினைத்துப் பாருங்கள். வெளியே தெரிவது நான்கு இலைகள். உள்ளே அதன் வேர் எந்தக் கல்லின் இடுக்கில் போயிருக்கிறது என்பது தெரியாது. இலையைக் கிள்ளிவிட்டால் மறுபடி தளிர்க்கும். தரைக்கு மேலே சிறிதாகத் தெரிந்து, கீழே வளை வளையாகப் பரவியிருக்கும் கறையான் புற்றும் இப்படிப்பட்டதே. நம் மொழியில் இந்த வியாதிக்கு அமைந்த பெயர் மிகப் பொருத்தமானது.

இரண்டாவது, வேகம். தீங்கற்ற கட்டி பெரும்பாலும் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வளரும். சில காலம் வளராமலே நிற்கவும் கூடும். புற்றுநோய்க் கட்டி பொதுவாக வாரங்களிலும் மாதங்களிலும் மாறுதல் காட்டும்.

மூன்றாவது, உயிரணுவின் முகம். தீங்கற்ற கட்டியின் உயிரணுக்கள் தாங்கள் பிறந்த திசுவின் சாயலை இழப்பதில்லை. கொழுப்புக் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொழுப்பைப்போலவே இருக்கும். புற்றுநோயின் உயிரணுக்களோ ஒன்று பெரிது, ஒன்று சிறிது என ஒழுங்கற்று, எந்தக் குடும்பத்தில் பிறந்தவை என்று அடையாளம் காணவும் கடினமாக இருப்பது உண்டு.

நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியம்: பரவுதல். தீங்கற்ற கட்டி எவ்வளவு பெரிதானாலும் வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறுவதில்லை. புற்றுநோயின் உயிரணுக்கள் நிணநீரிலும் இரத்தத்திலும் கலந்து, கழுத்துக் கணுக்களிலும், ஈரலிலும், நுரையீரலிலும், எலும்பிலும் போய்ப் புதிய கட்டிகளை உண்டாக்குகின்றன. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதலில் தோன்றிய கட்டி அல்ல, இப்படிப் பரவியவையே.

மருத்துவ ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து எங்களிடம் காட்டுகிறவர்களுக்காக ஒரு சொல். லைபோமா, ஃபைப்ரோமா, அடினோமா, ஃபைப்ரோஅடினோமா போன்ற பெயர்கள் தீங்கற்றவற்றைக் குறிக்கும். கார்சினோமா, சார்கோமா என்பவை புற்றுநோய். ஆனால் முடிவில் "ஓமா" என்று இருப்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்கக்கூடாது. மெலனோமாவும் லிம்போமாவும் புற்றுநோய்களே. ரிப்போர்ட்டின் பொருளை அதைக் கேட்ட மருத்துவரிடமே அறிந்துகொள்ளுங்கள்.

பெரிய கட்டியும் நீண்ட ஆயுளும்

கட்டியின் அளவைக் கண்டு நாம் பயப்படுகிறோம். அளவு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பெரிய சாட்சிகள் உண்டு.

1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்மணி, தன் வயிற்றில் வளர்ந்த பெருங்கட்டியோடு குதிரைமேல் ஏறி, சுமார் 60 மைல் பயணம் செய்து, டான்வில் ஊரிலிருந்த டாக்டர் எஃப்ரெயிம் மெக்டவலின் வீட்டுக்கு வந்தார். அந்நாளில் மயக்க மருந்து இல்லை. வயிற்றைத் திறந்தால் மரணமே என்று மருத்துவர்கள் எண்ணியிருந்த காலம். அவர் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருக்க, ஏறத்தாழ 25 நிமிடங்களில் டாக்டர் அந்தச் சூலகக் கட்டியை எடுத்தார் என்று சொல்லப்படுகிறது. கட்டியின் எடை இருபத்திரண்டரை பவுண்டு, அதாவது 10 கிலோவுக்கு மேல். ஐந்தாம் நாள் அந்த அம்மையார் தம் படுக்கையைத் தாமே சீர்ப்படுத்திக்கொண்டிருந்தார். அதன்பின் 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1842-ல் காலமானார். அது பரவும் தன்மையுள்ள கட்டியாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் அவர் வாழ்ந்திருப்பது அரிது.

இன்னொரு சாட்சி சீன தேசத்திலிருந்து. யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஊழியம் செய்த அதே அமெரிக்கன் போர்டு மிஷன், டாக்டர் பீட்டர் பார்க்கரைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர் 1835-ல் காண்டன் நகரில் ஒரு கண் மருத்துவமனையைத் திறந்தார். கண் நோயாளிகளோடு, முகத்திலும் கழுத்திலும் முதுகிலும் பெரிய பெரிய கட்டிகளைப் பல ஆண்டுகளாகச் சுமந்தவர்களும் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி, நெற்றிப்பொட்டருகே கட்டி வளர்ந்திருந்த 13 வயதுச் சிறுமி. 1836 ஜனவரியில் அந்தக் கட்டி அகற்றப்பட்டது. காண்டனில் பெயர்பெற்ற ஓவியர் லாம் குவா, அந்த நோயாளிகள் பலரைப் பணம் வாங்காமல் வரைந்து கொடுத்தார். அந்த ஓவியங்களில் 80-க்கும் அதிகமானவை இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தலையளவு கட்டியைச் சுமந்தபடி அமைதியாக நம்மை நோக்குகிற முகங்கள் அவை. அப்படிப் பத்து, இருபது ஆண்டுகள் ஒருவர் ஒரு கட்டியோடு வாழ முடிந்தது என்றால், அது பெரும்பாலும் பரவாத வகையாகவே இருந்திருக்கவேண்டும். உயிரை எடுக்கவில்லை, ஆனாலும் அவர்களுடைய வேலையையும், திருமணத்தையும், மனிதர் நடுவே தலை நிமிர்ந்து நடப்பதையும் எடுத்துக்கொண்டது.

தீங்கற்றது என்றால் ஆபத்தே இல்லையா?

இல்லை என்று சொல்லிவிட முடியாது. தீங்கற்ற கட்டியும் இடத்தைப் பொறுத்துத் தீங்கு செய்யும். முதுகில் நெல்லிக்காய் அளவு இருக்கும் கட்டி ஒன்றும் செய்யாது. அதே அளவு கட்டி மண்டையோட்டுக்குள் மூளையின் உறையில் வளர்ந்தால், இடம் இல்லாத இடத்தில் மூளையை அழுத்தி, வலிப்பையும் பார்வைக் குறைவையும் உண்டாக்கும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சிறு கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அளவு மீறிச் சுரந்து கை கால்களையும் முகத்தையும் பெரிதாக்கிவிடும்.

கர்ப்பப்பைத் தசைக் கட்டி மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனால் சிலருக்கு மாதந்தோறும் இரத்தம் மிகுதியாகப் போய், நாக்கும் நகமும் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில் வருகிறார்கள். "பெண் பிறப்பென்றால் இப்படித்தான்" என்று பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள். இந்தப் பொறுமை தேவையற்றது; இதற்குச் சிகிச்சை உண்டு.

சில தீங்கற்ற வளர்ச்சிகள் காலப்போக்கில் குணம் மாறுகின்றன. பெருங்குடலின் உட்புறத்தில் வரும் அடினோமா என்ற சிறு கட்டிகளில் ஒரு பகுதி, பத்து ஆண்டு போன்ற நீண்ட காலத்தில் புற்றுநோயாகக் கூடும். முன்னதாகவே அவற்றை எடுத்துவிட்டால் அந்தப் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

நம் மக்களுக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் வாய். வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வருவதுண்டு. பாக்குத் தூள் பொட்டலங்களை மெல்லுகிற இளைஞருக்கு வாயின் உட்தோல் இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காமல் போகிறது. இவை இன்னும் புற்றுநோய் அல்ல. அதற்குப் போகும் வழியில் நிற்கிறவை. கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் 1838-ல் மருத்துவ ஊழியம் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவமனையில், பிற்காலத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் ஏராளமாக வந்தார்கள். அங்கே பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஓர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப்பற்றி 1933-ல் "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985-லும், புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் பாக்கையுமே 2004-லும் புற்றுநோய்க் காரணங்களாக அறிவித்தது. வெள்ளைத் திட்டு நிலையிலேயே பழக்கத்தை விட்டு மருத்துவரிடம் வருகிறவருக்கு, காக்கப்பட வழி திறந்திருக்கிறது.

இதற்கு எதிர்மாறாக, பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்து தானாக மறைவதும் உண்டு. பிறந்த சில வாரங்களில் சில குழந்தைகளின் முகத்தில் சிவந்த இரத்தக்குழாய்க் கட்டி தோன்றும். முதல் ஆண்டில் வேகமாக வளரும். பின்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே சுருங்கும். கண்ணையோ மூச்சையோ அடைக்கும் இடத்தில் இருந்தால் சிகிச்சை வேண்டும். இருதய நோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்த புரப்ரனலால் மருந்து இக்கட்டியைச் சுருக்குவதை 2008-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டது முதல், பல குழந்தைகள் அறுவைச் சிகிச்சை இன்றியே நலமடைகிறார்கள். வேகமாக வளர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல என்பதற்கு இந்தக் குழந்தைகள் உதாரணம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இத்தனை விதிவிலக்குகள் இருப்பதால்தான், கட்டியைத் தொட்டுப் பார்த்தே பெயர் சொல்ல எந்த நல்ல மருத்துவரும் அவசரப்படுவதில்லை. இளம் பெண்களின் மார்பில் வரும் ஃபைப்ரோஅடினோமா கட்டி, நீரில் கிடக்கும் நெல்லிக்காய்போல விரலுக்கு அகப்படாமல் நழுவும். புற்றுநோய்க் கட்டியோ கல்போலக் கெட்டியாக, தோலோடும் சதையோடும் ஒட்டி நிற்பது வழக்கம். கை அனுபவம் இவ்வளவு சொல்லும். ஸ்கேனும், மார்புக்கு எடுக்கும் மேமோகிராம் படமும் இன்னும் சிறிது சொல்லும். ஆனால் பல கட்டிகளில் கடைசித் தீர்ப்பைச் சொல்வது மைக்ராஸ்கோப்தான்.

மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது ஒரு முறை. சிறு துண்டுச் சதையை எடுத்துப் பரிசோதிப்பது பயாப்ஸி. எடுத்த சதையை ஃபார்மலின் திரவத்தில் இட்டு, அழுகாமல் பதப்படுத்தி, அதிலுள்ள நீரை நீக்கி, மெழுகுக் கட்டியில் பதிக்கிறார்கள். பின்பு அதை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவுகிறார்கள். ஒரு தலைமயிரின் கனத்தில் இத்தகைய ஏடுகள் பத்துக்கு மேல் அடங்கும். ஒரு மரத்திலிருந்து எடுக்கப்படும் ஹெமடாக்சிலின் சாயம் உயிரணுவின் கருவை நீலமாகவும், ஈயோசின் என்ற மற்றொரு சாயம் சுற்றுப்புறத்தை இளஞ்சிவப்பாகவும் காட்டும். அதன்பின் பெத்தாலஜி மருத்துவர் அமர்ந்து பார்க்கிறார். உயிரணுக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா? எத்தனை உயிரணுக்கள் பெருகும் நிலையில் இருக்கின்றன? எல்லையைத் தாண்டி இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா? முழுக்கட்டியையும் எடுத்திருந்தால், வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா?

இதற்குச் சில நாட்கள் ஆகும். ரிப்போர்ட் வரும்வரை ஒரு குடும்பம் காத்திருக்கும் நாட்களின் பாரம் எங்களுக்குத் தெரியும். தாமதம் என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சில நாட்களின் பொறுமையான வேலையே, மார்பு முழுவதையும் எடுக்கவேண்டுமா, சிறு கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, எதையும் எடுக்காமல் கவனித்து வரலாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு வேண்டுகோள். எங்கே அறுவைச் சிகிச்சை செய்து கட்டியை எடுத்தாலும், "பார்க்கச் சாதாரணக் கட்டிபோலத்தான் இருந்தது" என்று அதைக் கொட்டிவிட இடம் கொடுக்காதீர்கள். பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்டு, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைச் செலவுக்குத் தயங்கி இதை விட்டுவிடுகிற ஏழைக் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒருவர் உங்கள் சபையில் இருந்தால், பூங்கொத்தோடு பார்க்கப் போவதைவிட அந்தச் செலவை ஏற்றுக்கொள்வது பெரிய உதவி.

பயமும் பழைய நம்பிக்கைகளும்

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்பது கிராமங்களில் மட்டுமல்ல, படித்தவர்களிடமும் நாங்கள் கேட்கிற வார்த்தை. இது எப்படி வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கும். கட்டி முற்றி, உள்ளே பரவியபின் கடைசி நம்பிக்கையாகச் சிலர் அறுவைச் சிகிச்சைக்கு வந்தார்கள். எடுத்தபின்னும் வியாதி வேறு இடங்களில் தலைகாட்டியது. பழி கத்தியின்மேல் விழுந்தது; குற்றமோ தாமதத்தினுடையது. ஊசிப் பரிசோதனையால் வியாதி பரவுவது மிக அரிது. எந்தக் கட்டியில் எப்படிச் சதை எடுக்கவேண்டும், எதில் எடுக்கக்கூடாது என்பதை அறிந்தே மருத்துவர்கள் செய்கிறார்கள்.

"வலி இல்லாவிட்டால் பயம் இல்லை" என்பது இதைவிடக் கேடான நம்பிக்கை. வேனல் கட்டி வலிக்கும். சீழ்க்கட்டி துடிக்கச் செய்யும். ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலிக்காத கட்டியையே நாம் சீக்கிரம் காட்டவேண்டும்.

மூன்றாவது, வெட்கம். மார்பில் கட்டியோடு ஒரு பெண் வருகிறாள். ஃபைப்ரோஅடினோமா என்று தெரிகிறது. பெற்றோர் எங்களிடம் முதலாவது கேட்பது சிகிச்சையைப்பற்றி அல்ல, "வெளியே தெரிந்தால் இவளை யார் கட்டுவார்கள்?" என்பதே. இந்தக் கட்டி இளம் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது, ஒட்டுவதும் அல்ல. திருமணத்துக்கோ, பிள்ளைப்பேற்றுக்கோ, பால் கொடுப்பதற்கோ பொதுவாகத் தடை ஆகாது. சிறிதாக இருந்தால் எடுக்கவேண்டிய அவசியமும் பல வேளைகளில் இராது. இப்படி ஒரு பெண்ணுக்கு வந்த வரனைக் கலைப்பதற்கு நம் வாய்ப்பேச்சு காரணமானால், கட்டி செய்யாத தீங்கை நாம் செய்தவர்கள் ஆவோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை அவர் ஒளித்து வைக்கவில்லை. பல ஆண்டுகள் முயன்று 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டுக்குள் அடைத்து வைத்த துக்கம் யாருக்கும் உதவாது. வெளியே சொல்லப்பட்ட துக்கத்தால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

கீழ்க்காணும் அடையாளங்களில் ஏதேனும் உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்:

– சில வாரங்களாகியும் மறையாத, அல்லது பெரிதாகிக்கொண்டிருக்கும் எந்தக் கட்டியும். முக்கியமாக மார்பிலும் கழுத்திலும்.
– வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு.
– மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு. இடையில் காரணமற்ற இரத்தப்போக்கு.
– மார்புக் காம்பிலிருந்து இரத்தம் கசிதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல்.
– விழுங்கச் சிரமம், நீங்காத குரல் கம்மல்.
– மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாறுதல், மலத்தில் இரத்தம்.
– நிறமோ அளவோ மாறுகிற, இரத்தம் கசிகிற மச்சம்.

இவற்றில் ஒன்று இருப்பதால் புற்றுநோய் என்று ஆகிவிடாது. பரிசோதிக்கப்படுகிறவர்களில் பலருக்கு அது தீங்கற்றதாகவே முடிகிறது. அப்படி முடிந்தால் நிம்மதியோடு வீடு திரும்பலாம். புற்றுநோயாகவே இருந்தாலும், வேர் விடுவதற்கு முன் பிடுங்கப்படும் செடிபோல, ஆரம்பத்தில் கண்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

இந்தச் செய்தியை உங்கள் மாதர் சங்கக் கூட்டத்திலும் வாலிபர் கூட்டத்திலும் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். ஒரு கட்டியைப்பற்றி யாராவது உங்களிடம் இரகசியமாகச் சொன்னால், "ஒன்றும் இருக்காது" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "ஐயோ" என்று பதறவும் வேண்டாம். "வாருங்கள், நாளைக்கே போய்க் காட்டுவோம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, புறநோயாளர் வரிசையில் கூட நின்று, ரிப்போர்ட் வரும் நாளில் உடன் இருக்க ஒருவர் கிடைத்தால், மறைத்து வைக்கும் பெண்கள் மிகக் குறைந்துபோவார்கள். எங்கள் மருத்துவர்களின் கையில் சரியான நேரத்தில் அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது, வார்டுக்குள் இருக்கும் எங்களால் ஆகாது. ஊரில் இருக்கும் உங்களாலேயே ஆகும்.